ஜெட்டில் செருகிய செம்பு இழை

எங்கள் கார் இருமுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான்.

ராஜபாளையத்தைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். காலை எட்டரை மணி இருக்கும். முன்னால் போன மாட்டு வண்டியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை மிதித்தேன். பானெட்டுக்குள் ‘கக்’கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மனசே இல்லாமல் முன்னால் போனது.

“ஏங்க, இது இருமுதுல்ல?”

“குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும்.”

“நம்ம ஊருல என்னைக்குக் குளிரடிச்சிருக்கு?”

அவள் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கார் ஏன் இருமுகிறது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நாளில் ராஜபாளையம் பஜாருக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கடை. பம்ப் ஸ்டவ், காஸ் லைட் ரிப்பேர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீதிப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து படித்ததுதான். யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு ருசி எனக்கு. ஸ்டவ்வைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் மனுசர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அது வேறு எங்கேயும் கிடைக்காது. பஞ்சு மார்க்கெட் பக்கம் பஜ்ஜி போடும் ஒரு அக்கா வருவாள். அவள் சொல்வாள்: “தம்பி, ஸ்டவ்வு சீறுச்சுன்னா எனக்குத் தைரியம். இருமுச்சுன்னாத்தான் வயித்தக் கலக்கும்.” அதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நானும் சிரிப்பேன். பிற்பாடு அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடாது என்று அப்போது தெரியாது.

கார் எங்கள் அப்பா வாங்கியது. மில் மானேஜர் ஒருவர் ஓட்டி, அவரிடமிருந்து இன்னொருவர் ஓட்டி, மூன்றாவது கையாக எங்கள் வீட்டுக்கு வந்த கறுப்புக் கார். அப்பாவுக்குப் பிறகு அது அண்ணனுக்கும் எனக்கும் பொது. அண்ணன் பஞ்சு வியாபாரி. அவர் தெருவுக்குள் கார் நுழையாது என்பதால் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கும்பிடப் போவது, இதற்கு மட்டும் வெளியே வரும். மற்ற நாளில் கோழி அடைகிற இடம்.

அது தினமும் ஓட ஆரம்பித்தது என் மனைவியின் காலால். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் தையல் டீச்சர். கல்யாணமாகி ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஒருநாள் வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, முட்டி மடங்கவில்லை. கம்பு ஊன்றி நடப்பாள். நீட்டிய காலோடு கார் முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் பஸ் படி ஏற முடியாது. வில்லிபுத்தூருக்கே குடிபோகலாம் என்றால் என் கடை இங்கே. ஆக, கார் இருந்தால் வேலை. கார் இல்லையென்றால் வீடு. அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

வளைகுடாவில் சண்டை வந்து பெட்ரோல் விலை ஏறிய வருஷம் அது. பங்க் வாசலில் வரிசை நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து முற்றத்தில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை ஒரு உதை உதைத்தார்.

“ஏலே, இது லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கு?”

“ஏழு குடுக்கும்ணே. இறக்கம்னா ஏழரை.”

“நம்ம ஊருல ஏதுலே இறக்கம்? பத்தாவது குடுக்கணும். இல்லேன்னா சித்திரைக்குள்ள வித்துப்புடுவோம். இத வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் பெட்ரோலாக் குடிச்சிக்கிட்டு இருக்க முடியாது.”

என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு சொன்னாள், “பெரியத்தான் சொல்றதுலயும் தப்பு இல்ல.” சொல்லிவிட்டு உள்ளே போனாள். தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மிதிக்க ஒரு கால்தான் உதவும். மிஷின் நொண்டி நொண்டி ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றபோதுதான் எனக்கு முதல் தடவை பயம் வந்தது. இவள் இனிமேல் இந்த நாலு சுவருக்குள்தானா என்று.

என் கடைக்கு லாரி டிரைவர்கள் வருவார்கள். வண்டியிலேயே சமைக்கிற ஆட்கள். ஆளுக்கொரு பம்ப் ஸ்டவ் வைத்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டேன். கேட்டால் சொல்லாத ஆளே கிடையாது. டயரில் காற்றைத் தளர விடாதே. பிளக்கைத் துடை. நாற்பதுக்கு மேல் ஓட்டாதே. தேவையில்லாமல் பிரேக் அடிக்காதே. அடிக்கிற ஒவ்வொரு பிரேக்கும் கொட்டிய பெட்ரோல். இதெல்லாம் நல்ல பேச்சு. செய்தேன், எட்டைத் தொட்டது.

எட்டு போதாதே. அடுத்ததாக, கனம். “வண்டி தூக்குற ஒவ்வொரு கிலோவும் ஒரு மடக்கு குடிக்கும் அண்ணாச்சி” என்றார் ஒரு டிரைவர். அன்று சாயங்காலமே டிக்கியைக் காலி பண்ணினேன். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் பை, செல்ஃப் எடுக்காவிட்டால் முன்னால் செருகிச் சுற்றுகிற ஹேண்டில், எல்லாம் வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் போயின. ரயில்வே கேட் அடைத்திருந்தால் இஞ்சினை அணைத்துவிடு என்றார் இன்னொருவர். அதையும் செய்தேன். கேட் தூரத்தில் தெரியும்போதே சாவியைத் திருப்பிவிட்டு உருட்டிக்கொண்டே போய் நிறுத்துவேன். அந்த நிசப்தத்தில் டயர் மண்ணை நெரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அவளுக்கு அது பிடிக்காது. “செத்த வண்டியில போற மாதிரி இருக்குங்க” என்பாள்.

கடைசியாகச் செய்ததைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. கார்புரேட்டருக்குள் ஒரு பித்தளை ஜெட் இருக்கும். நடுவில் ஊசி போகிற அளவு ஓட்டை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் இஞ்சினுக்குப் போகும். அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அட, இது நம்ம ஸ்டவ்வில் எண்ணெய் சீறி வருகிற நிப்பிளின் ஒன்றுவிட்ட தம்பி! இருபது வருஷமாக நிப்பிளில் பின் போட்டுக் குத்திக்கொண்டிருக்கிறவனுக்கு இது ஒரு வேலையா? மின்சார ஒயரைச் சீவி, முடி மாதிரி ஒரு செம்பு இழையை எடுத்தேன். ஜெட்டின் ஓட்டைக்குள் செருகி, இரண்டு முனையையும் மடக்கிவிட்டேன். ஓட்டை குறைந்தது. பெட்ரோலும் குறையும்.

குறைந்தது. பத்தைத் தாண்டி ஓடியது. அண்ணனிடம் சொன்னேன். “பாத்தியாலே, மனசு வச்சா முடியுதுல்ல” என்று என் தோளைத் தட்டினார். அன்று ராத்திரி அவள் எனக்கு ஒரு கரண்டி நெய் கூட ஊற்றினாள்.

எங்கே தப்பு பண்ணினேன் என்றால், ஸ்டவ் ஓரிடத்தில் நிற்கிற பொருள். அதற்கு மேடு ஏற வேண்டியதில்லை. காருக்கு மிதிக்கிற நேரத்தில் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். அதைத்தான் நான் குரல்வளையில் பிடித்திருந்தேன். இது இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் அந்த இருமல்தான்.

தை முழுக்க அது இருமியது. முதலில் முந்தும்போது மட்டும். பிறகு நின்று எடுக்கும்போதும். இஞ்சின் சூடு ஏறியது; கால்மாட்டில் அனல் அடித்தது. அடிக்கடி அணைத்து அணைத்துப் போட்டதில் பேட்டரியும் சோர்ந்துபோனது. ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பினால், செல்ஃப் ஒரு தடவை முனகிவிட்டுத்தான் பிடிக்கும். இழையை எடுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை பானெட்டைத் திறந்தேன். எடுத்தால் எட்டு. எட்டு என்றால் சித்திரையில் விற்பனை. மூடிவிடுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே வருவாள். கார் இருமினால் பேச்சு பாதியில் நிற்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். இப்படித்தான் இரண்டு பேரும் பயத்தை ஒருவருக்கொருவர் காட்டாமல் தினமும் பதினோரு கிலோமீட்டர் போனோம், வந்தோம்.

மாசியில் ஒரு திங்கட்கிழமை. கேட் அடைத்திருந்தது. நான் வழக்கம்போல் அணைத்து உருட்டிக்கொண்டுபோய் முதல் வண்டியாக நிறுத்தினேன். ராஜபாளையம் பக்கமிருந்து பாசஞ்சர் வண்டி வந்து வில்லிபுத்தூரை நோக்கிப் போனது. கேட் அடைத்தால் நம் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டே, ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நிற்பது. இந்தப் பக்கமும் அப்படி, அந்தப் பக்கமும் அப்படி. திறந்தவுடன் இரண்டு படையும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும்.

திறந்தார்கள். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் முனகி, நல்லவேளை, பிடித்தது. தண்டவாளம் கொஞ்சம் மேட்டில் இருக்கும். ஏறினேன். எதிரே ஒரு பஸ் ரோட்டின் நடுவிலேயே வந்தது. அதற்கு வழிவிட இடது பக்கம் ஒடித்து ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

‘கக்.’

கார் நின்றது. முன் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தன. பின் சக்கரங்கள் இரண்டும் தண்டவாளங்களுக்கு நடுவில். பஸ்ஸின் மூக்கு எங்கள் பானெட்டை முகர்ந்துகொண்டு நின்றது. பின்னால் பேல் பேலாகப் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒட்டி நின்றது. இடது பக்கம் ரோட்டோரத்தில் நட்டிருந்த இரும்புத் தூண்; அவள் பக்கத்துக் கதவு அதில் இடித்து, கை நுழைகிற அளவுதான் திறந்தது.

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது. மறுபடி. ‘டக்.’ அவ்வளவுதான்.

“ஹேண்டிலைப் போட்டுச் சுத்துங்க” என்றாள் அவள், பதறாமல்.

ஹேண்டில் கட்டிலுக்கடியில் இருந்தது. கதவைத் திறந்து இறங்கினேன். கேட் கீப்பர் குடிசைக்குள் போன் மணி அடித்தது. அதுவரை எத்தனையோ நாள் கேட்ட மணிதான்; அன்று அது என் பல்லுக்குள் அடித்தது. பேசிவிட்டு அவர் வெளியே ஓடிவந்தார். எங்களைத் தினமும் பார்க்கிற மனுசர்.

“அண்ணாச்சி, எடுங்க, எடுங்க! வில்லிபுத்தூர்ல கூட்ஸ் நிக்கி. பாசஞ்சர் உள்ள போனதும் அத விட்டுருவாங்க!”

“எம்புட்டு நேரம் இருக்கு?”

“நேரத்தக் கேட்டுக்கிட்டு நிக்கீங்களே! பத்து நிமிசம்னு வைங்க. அதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது!”

நான் மறுபடி உள்ளே தலையை விட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். சீட்டோடு நகர்ந்து வந்தாள். நீட்டிய கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் சிக்கியது. முட்டி மடங்கினால் வந்துவிடலாம். அது மடங்காது. இழுத்தேன். “ஐயோ” என்று ஒரே ஒரு தடவை கத்தினாள். விட்டுவிட்டேன்.

“என்னைய விடுங்க. காரத் தள்ளச் சொல்லுங்க. கார் போனா நானும் போயிருவேன்ல.”

அவள் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. மடியில் டிபன் பாக்ஸைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அதற்குள் தக்காளிச் சாதம் என்பது வரை எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முன்னால் ஓடிப்போய்ப் பஸ் டிரைவரைக் கும்பிட்டேன். “பின்னால எடுங்கண்ணே. உள்ள பொம்பள இருக்கா. கால் முடியாதவ.”

“பின்னால எங்கய்யா எடுக்க? அனுமார் வால் கணக்கா நிக்கி வண்டி! நீ பின்னால தள்ளு.”

“பின்னால பேல் லாரி நிக்கிண்ணே!”

கேட் கீப்பர் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் முன்னால் போய் நின்றார். குரல் உடைந்து கத்தினார்: “யோவ், ரயிலுக்கு ரிவர்ஸ் கியர் கெடையாதுய்யா! உன் பஸ்ஸுக்கு இருக்கு! போடுய்யா!”

அந்தப் பேச்சில் ஏதோ இருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் பின்னால் ஓடி வண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி நகர்த்தினார். சைக்கிள்காரர்கள் சைக்கிளைச் சரிவில் போட்டுவிட்டு வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் விற்கப் பூ கொண்டுபோகிற ஒரு அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு என் கார் டிக்கியில் கை வைத்தாள். பஸ் ஒரு முழம் பின்னால் போனது. நாங்கள் ஒரு முழம் தள்ளினோம். பின் சக்கரம் தண்டவாளத்தில் முட்டி, ஏறாமல் திரும்பி உருண்டது.

“ஏலே, மூச்சப் பிடிச்சுத் தள்ளுங்கலே! ஊருணியில எருமையா தள்ளுதீய?” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

மறுபடி தள்ளினோம். மறுபடி உருண்டது. கேட் கீப்பர் இப்போது எங்களை விட்டுவிட்டுச் சிவப்புக் கொடியோடு வில்லிபுத்தூர் பக்கமாகத் தண்டவாளத்தில் ஓட ஆரம்பித்திருந்தார். அந்த மனுசர் ஓடுவதைப் பார்த்ததும் நான் டிக்கியில் தோளைக் கொடுத்து முட்டினேன். கார் கண்ணாடி வழியாக அவள் தலையின் பின்புறம் தெரிந்தது. கொண்டையில் காலையில் நான் வாங்கிக்கொடுத்த பிச்சிப்பூ. தலை திரும்பவே இல்லை. நான் ஏதோ கத்தினேன். என்ன என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை சக்கரம் ஏறியது; தாண்டியது; கார் சரிவில் தானாகவே உருண்டு, நல்லவேளையாக அவள் எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் பஸ்ஸில் முட்டாமல் நின்றது.

கேட் கீப்பர் திரும்பி ஓடிவந்து கேட்டை அடைத்தார். காரை ரோட்டோரம் வேப்பமரத்தடியில் தள்ளி வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் அவரவர் வண்டிக்குப் போனார்கள். பூக்கார அம்மா மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “பொண்டாட்டிய வச்சிக்கிட்டு ஓட்டுற வண்டியாய்யா இது?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செத்த நேரம் கழித்து கூட்ஸ் வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அந்த மேட்டில், எங்கள் பின் சக்கரம் நின்ற இடத்தில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. தரை அதிர்ந்தது, கார் கதவு லேசாகக் கடகடத்தது. கடைசிப் பெட்டி போகிற வரை அவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு கேட்டாள், “ஹேண்டில் எங்க?”

“வீட்டுல.”

“ஏன்?”

சொன்னேன். கனத்தைச் சொன்னேன். பிறகு, கேட்காமலே, செம்பு இழையையும் சொன்னேன். இரண்டு மாசமாக அவள் கேட்ட இருமல் நான் வைத்த இருமல் என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“என் வேலைக்காகவா செஞ்சீங்க?”

“ஆமா.”

“அந்த வேலைக்குப் போறதுக்கு நான் உசுரோட இருக்கணும்லங்க.” அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

பேல் லாரி டிரைவர் பேட்டரிக்கு ஒயர் கொடுத்து இஞ்சினை எழுப்பிவிட்டார். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கடையைத் திறந்து, கார்புரேட்டரைக் கழற்றி, ஸ்டவ் குத்துகிற பின்னைக் கொண்டு அந்த இழையைத் தள்ளி எடுத்தேன். அது எங்கோ தரையில் விழுந்தது. தேடவில்லை.

மறுநாள் காலை அவளை நான் கூப்பிடவில்லை. லீவு போடுவாள், ஒருவேளை வேலையையே விடுவாள் என்று நினைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். எட்டு மணிக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். பையை உள்ளே வைத்தாள்.

“போவோம். ஆனா ஒண்ணு. கேட்டுக்கிட்ட என்னைய இறக்கி விட்டுருங்க. தண்டவாளத்த நான் நடந்து தாண்டிக்கிடுதேன். நீங்க பொறவு வாங்க.”

“இப்ப வண்டி நல்லா ஓடுதுட்டி. சத்தியமா.”

“ஓடட்டும். எனக்கு ஓடல.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்துவேன். அவள் இறங்கி, கம்பை முன்னால் வைத்து, மடங்காத காலை அரைவட்டமாகச் சுற்றி எடுத்து வைத்து, மேடேறுவாள். தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்ப்பாள். கேட் கீப்பர் குடிசை வாசலில் வந்து நிற்பார். “ஒண்ணும் இல்ல டீச்சர், தைரியமா வாங்க” என்பார். அவள் தாண்டி முடிக்கிற வரை, நான் இஞ்சினை அணைப்பதில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும், பெட்ரோலைக் குடித்துக்கொண்டே. முன்னே என்றால் அந்தச் சத்தம் எனக்கு வயிற்றெரிச்சல். இப்போது அது ஒரு சீராகச் சீறிக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

அவள் அந்தப் பக்கம் போன பிறகு என் முறை. அதைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. ஆளில்லாத சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறும்போது என் வலது கால் ஆக்சிலேட்டர் மேல் வெடவெடக்கும்.

மைலேஜ் ஏழுக்கு இறங்கியது. கேட்டில் நின்று எரிந்ததைச் சேர்த்தால் ஏழும் இல்லை. பங்குனி முடியப்போகிற நேரம், ஒரு காலையில் அண்ணன் வெள்ளை வேட்டியோடு வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“வில்லிபுத்தூர்ல ஒரு ஜோலி. அப்பிடியே வண்டி எப்பிடி ஓடுதுன்னு பாக்கேன்.”

லிட்டருக்குப் பத்து என்று அவரிடம் சொன்னவனே நான்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட் வந்தது. திறந்துதான் இருந்தது. நான் நிறுத்தினேன். அவள் இறங்கினாள்.

“ஏலே, எங்க போறா?”

“அந்தப் பக்கம்ணே.”

“கேட்டு தொறந்துதான கெடக்கு? வண்டியில கோளாறா?”

“இல்லண்ணே.”

“பொறவு எதுக்கு இஞ்சினை ஓடவிட்டுட்டு உக்காந்திருக்க? அணைலே! பெட்ரோல் என்ன ஆத்துத் தண்ணியா?”

“அணைக்க மாட்டேண்ணே.”

அப்பா இறந்த பிறகு அண்ணன் சொன்ன ஒன்றை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. அவர் என் பின்னந்தலையை முறைப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, மறுபடி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு மறுபடி பின்னால் இழுத்துக்கொண்டாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது.

கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக அவளிடம் போனார். ஏதோ கேட்டார். அவள் கம்பால் சுட்டிக் காட்டினாள்: இந்தத் தூண், இந்த இடம், அங்கே பஸ். பிறகு ஹேண்டில் சுற்றுவதுபோல் கையைச் சுற்றி, இல்லை என்று தலையாட்டினாள். அவர் தலையைக் குனிந்து தண்டவாளத்தையே பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து தாண்டினார்கள். அவர் அவளைத் தொடவில்லை. ஆனால் அவள் நடைக்கு ஏற்றாற்போல் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். எதற்கும் நிற்காத மனுசர் அவர்.

நான் மேடேறி அந்தப் பக்கம் போய் நிறுத்தினேன். ஏறினார்கள். வில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற இடத்தில் அண்ணன் கேட்டார்.

“ஸ்டெப்னிய ஏத்துனியாலே?”

“ஏத்திட்டேண்ணே.”

“ஹேண்டில்?”

“சீட்டுக்கு அடியில இருக்கு.”

“ம். பேட்டரிய மாத்து. அந்தப் பேட்டரி ஆகாது.” பிறகு அவளிடம், “தாயி, சாயங்காலம் எத்தன மணிக்கு விடுவாக?”

சித்திரை வந்தது, போனது. விற்கிற பேச்சு வரவில்லை. அவளுக்கு ராஜபாளையத்துக்கே மாற்றல் கிடைக்கிற வரை, நாலு வருஷத்துக்கு மேல், அந்தக் கார் ஓடியது. ஒருநாளும் அந்த மேட்டில் நிற்கவில்லை. பயமும் ஒருநாளும் என்னை விட்டு இறங்கவில்லை. மழை நாளில் குடையோடு, வெயில் நாளில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடப்பாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி நின்று, கையை அசைப்பாள், வாங்க, வாங்க என்று. அதைப் பார்த்த பிறகுதான் நான் கியரைப் போடுவேன்.